கருந்துளையைச் சுற்றி வீசும் காற்று

கருந்துளை தன்னுள் விழுந்த எதனையும் வெளியே விடாது. ஒளியும் அதிலிருந்து தப்பாது. இதனை இன்று பள்ளி மாணவரும் அறிவர். அத்தகைய கருந்துளையின் அண்டையிலிருந்து நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கூறுவாராயின், "எதுவுமே தப்பாது என்றீர்களே, காற்று மட்டும் எப்படித் தப்புகிறது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுவது நிச்சயம். மும்பையில் மாதுங்கா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அதே நகரின் தென்கோடியில், கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கருவிகள் இக்காற்றைப் பற்றிய ஆராய்ச்சியில் பங்கு கொண்டுள்ளன. அக்காற்று எங்கே பிறக்கிறது, அதன் வேகம் எவ்வாறு அளக்கப்படுகிறது, அதனை உந்துவது காந்த சக்திதானா என்பவை இங்கு விளக்கப்படுகின்றன. கடைசிக் கேள்விக்கு விடை இன்னும் முடிவாகவில்லை என்பதையும், அதற்கான காரணத்தையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

காற்று பிறக்கும் இடம்

மாணவனின் கேள்விக்கு விடை எளிது. காற்று கருந்துளையினுள்ளிருந்து வருவதன்று. உள்ளே விழுமுன், வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் வாயுவிலிருந்து வருவது. எக்ஸ் கதிர்களால் ஆராயப்பட்டுள்ள கருந்துளைகளுள் பல, சாதாரண நட்சத்திரம் ஒன்றைத் துணையாகக் கொண்டவை. துணை நட்சத்திரத்தின் வாயுவைக் கருந்துளை தன்பால் இழுக்கிறது. அந்த வாயு சுழற்சியுடனேயே வருவதால் நேராக உள்ளே வீழ்வதில்லை. ஒரு தட்டுப் போலப் பரவிக் கருந்துளையைச் சுற்றி வருகிறது. உள்விளிம்பை நெருங்க நெருங்கத் தட்டின் வெப்பம் ஏறி, ஏறத்தாழ ஒரு கோடி டிகிரியை எட்டுகிறது. அவ்வளவு வெப்பமுள்ள பொருள், கண்ணுக்குப் புலனாகும் ஒளியைவிட எக்ஸ் கதிர்களையே மிகுதியாக வெளிவிடும்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. சுற்றுகின்ற பொருள் தன் சுழற்சி உந்தத்தை இழந்தாலன்றி உள்நோக்கி இறங்க இயலாது. பூமி சூரியனுக்குள் விழாமல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுற்றி வருவது இதனாலேயே. அவ்வாறாயின், தட்டிலுள்ள வாயு தன் உந்தத்தை எதனிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே இறங்குகிறது? வாயு அடுக்குகளிடையே நிகழும் சாதாரண உராய்வு இதற்குச் சிறிதும் போதாது. 1973இல் ஷகூரா, சுன்யாயெவ் என்னும் சோவியத் விஞ்ஞானிகள் இத்தட்டின் இலக்கணத்தை வகுத்தபோது, உராய்வின் அளவை ஓர் எண்ணாக வைத்துக்கொண்டார்களேயன்றி, அதன் மூலகாரணத்தைக் கூறவில்லை. 1982இல் பிளாண்ட்ஃபோர்டு, பெய்ன் ஆகிய இருவர், தட்டை ஊடுருவி நிற்கும் காந்தப்புலம் வாயுவின் ஒரு பகுதியை வெளியே வீசி எறியக்கூடும் என்றும், எறியப்பட்ட வாயுவே உந்தத்தைச் சுமந்து செல்லக்கூடும் என்றும் கணக்கிட்டுக் காட்டினர். மெலிந்த காந்தப்புலமும் தட்டினுள் கொந்தளிப்பை விளைவித்து உந்தத்தை வெளிப்புறம் கடத்தும் என்பதை 1991இல் பால்பஸ், ஹாலி ஆகியோர் நிறுவினர்.

காற்றின் ஆராய்ச்சி முக்கியத்துவம் பெறுவது இதனால்தான். காற்றை உந்துவது காந்த சக்தி என்று நிலைநாட்டப்பட்டால், அது அடுப்பிலிருந்து எழும் புகையைப் போன்ற உபரிப் பொருளாக இராது. அடுப்பை எரியவைக்கும் துருத்தியாகவே கருதப்படும். கருந்துளை உண்பதற்கே அக்காற்று ஒரு காரணம் என்று ஆகிவிடும்.

காந்தப்புலம் வாயுவை எறியும் விதத்தை ஒரு குயவர் சக்கரத்தின் உதவியால் விளக்கலாம். தாராவியின் கும்பார்வாடா மாணவர்கள் அறிந்த இடமே. சக்கரத்தின் விளிம்பருகே ஒரு சைக்கிள் சக்கரக் கம்பியை வெளிப்புறம் சாய்வாக நிறுத்தி, அதில் ஒரு மணியைக் கோத்து விட்டால், சக்கரம் வேகமெடுத்தவுடன் மணி கம்பியின் வழியே மேலேறி வெளியே தெறிக்கும். (மாணவர்கள் விலகி நிற்பது நன்று.) காந்தப்புலக் கோடு கம்பிக்கும், மின்னேற்றமுள்ள வாயு மணிக்கும் ஒப்பாகும். கோடு தட்டின் பரப்போடு 60 டிகிரிக்குக் குறைந்த கோணத்தில் சாய்ந்திருந்தால் வாயு வெளியே வீசப்படும் என்பது 1982ஆம் ஆண்டுக் கணக்கின் முடிவு. குயவர் சக்கரத்தில் மணியைத் தடுப்பது பூமியின் ஈர்ப்பு. தட்டிலோ மையத்திலுள்ள கருந்துளையின் ஈர்ப்பு. ஆகையால் 60 டிகிரி என்னும் எல்லையைச் சக்கரத்தில் எதிர்பார்க்கலாகாது. மணி தெறிக்கும்போது சக்கரத்தின் சுழற்சி சிறிதளவு குறையும். அந்தக் குறைவே இங்கு கவனிக்கத்தக்கது. தட்டிலுள்ள எஞ்சிய வாயு உள்ளே இறங்குவதும் அவ்வாறே.

இரும்பு அணுவின் சாட்சியம்

கருந்துளைக் காற்றைப் படம் பிடித்தவர் எவருமிலர். பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் அது ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அதன் இருப்பை அறிவிப்பது நிறமாலை ஒன்றே. தட்டின் மையப் பகுதியிலிருந்து புறப்படும் எக்ஸ் கதிர்கள் காற்றினூடே கடந்து வரும்போது, அதிலுள்ள அணுக்கள் தத்தமக்குரிய ஆற்றல் கொண்ட கதிர்களை மட்டும் உறிஞ்சிக் கொள்கின்றன. அவ்விடங்களில் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் தோன்றுகின்றன. சூரிய ஒளியின் நிறமாலையில் காணப்படும் கறுப்புக் கோடுகளும் இவ்வகையினவே.

கருந்துளைக் காற்றில் முதன்மையான சாட்சி இரும்பு. சாதாரண இரும்பு அணுவில் 26 எலெக்ட்ரான்கள் உண்டு. எக்ஸ் கதிர்களின் தாக்குதலால் அவற்றுள் 24 அல்லது 25 கழன்றுவிடுகின்றன. இரண்டே எலெக்ட்ரான்கள் எஞ்சிய இரும்பு அயனி 6,700 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும், ஒன்றே எஞ்சிய அயனி 6,966 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும் கோடு பதிக்கும். (கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் இரண்டு மூன்று எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே.) இலேசான அணுக்கள் தம் எலெக்ட்ரான்கள் அனைத்தையும் இழந்து கோடு பதிக்கும் திறனற்று நிற்கும் இடத்திலும் இரும்பு ஓரிரு எலெக்ட்ரான்களை விடாமல் பற்றியிருப்பதால், சாட்சி கூற அதுவே மிஞ்சுகிறது.

கோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் சற்றே மிகுந்த ஆற்றலின் பக்கம் நகர்ந்திருந்தால், வாயு பூமியை நோக்கி வருகிறது என்பது பொருள். இதுவே டாப்ளர் விளைவு. மாதுங்கா நிலையத்தின் நடைமேடையில் நிற்பவர் இதனைத் தினந்தோறும் கேட்கலாம். நில்லாமல் கடக்கும் விரைவு வண்டி ஊதிக்கொண்டே வருகையில் ஊதலின் சுருதி உயர்ந்தும், கடந்து செல்கையில் தாழ்ந்தும் ஒலிக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே இருபுறமும் ஏழு சதவீதம் அளவு சுருதி மாறும். சபைக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு, சதுச்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கியதைவிடச் சற்று அதிகமாகவே அது தோன்றும். கருந்துளைக் காற்றின் நிலை வேறு. ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். நொடிக்கு 366 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாயு, கோட்டை 0.12 சதவீதமே நகர்த்தும். அதாவது 6,700இல் சுமார் 8 எலெக்ட்ரான் வோல்ட். இந்த எட்டைப் பிரித்தறியும் கருவி எது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

மேற்கூறிய 366 என்னும் எண் கற்பனையாக எடுத்ததன்று. 2016இல் ஒரு கருந்துளையின் காற்றில் அளக்கப்பட்ட வேகம் அது.

மும்பைக் கருவிகளும் 2016ஆம் ஆண்டு ஆராய்ச்சியும்

எக்ஸ் கதிர்கள் வாயுமண்டலத்தைக் கடந்து தரையை எட்டமாட்டா. ஆதலால் 1960களின் பிற்பகுதியிலிருந்து டாடா நிலையத்தார் ஹைதராபாத்திலிருந்து பெரும் பலூன்களில் கருவிகளை ஏற்றி அனுப்பி வான எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தனர். அந்த அனுபவம் பிற்காலத்தில் செயற்கைக்கோளுக்கு வழி வகுத்தது. 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், வானியலுக்கெனவே இந்தியா அமைத்த முதல் செயற்கைக்கோள். பூமிக்குமேல் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பாதையில் அது நிறுத்தப்பட்டது.

அதன் கருவிகளுள் இரண்டு இங்கு குறிப்பிடத்தக்கவை. ஒன்று மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. எக்ஸ் கதிர் நேராக மோதினால் கண்ணாடியைத் துளைத்துச் செல்லும் அல்லது அதில் அடங்கிவிடும்; மிகச் சாய்வாகத் தொட்டால் மட்டுமே எதிரொளிக்கும். குளத்து நீரில் சாய்வாக எறியப்பட்ட ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். ஆகவே பொன் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகள் 320ஐ ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி, கதிர்கள் அவற்றைத் தடவிச் சென்று இரண்டு மீட்டருக்கப்பால் குவியுமாறு இத்தொலைநோக்கி அமைக்கப்பட்டது. குவிந்த கதிர்களைப் பதியும் காமிரா, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவுடன் அமைந்தது. மற்றொன்று, செனான் வாயு நிரம்பிய மூன்று பெரும் எண்ணிப் பெட்டிகளைக் கொண்டது; 3,000 முதல் 80,000 எலெக்ட்ரான் வோல்ட் வரையுள்ள கதிர்களை எண்ணுவதற்கு ஏற்பட்டது. இவ்விரண்டும் கொலாபா நிலையத்தில் உருவானவை.

2016இல் இக்கருவிகள் திருப்பப்பட்ட பொருளின் பெயர் 4யூ 1630-47. ஊஹுரு என்னும் செயற்கைக்கோளின் நான்காவது பட்டியலில் இடம் பெற்றதை முன்னெழுத்துக்களும், வானில் அதன் இருப்பிடத்தைப் பின்னெண்களும் குறிக்கின்றன. (கென்யாவின் கடற்கரையை அடுத்து, அந்நாட்டின் விடுதலை நாளான டிசம்பர் 12இல், 1970ஆம் ஆண்டு ஏவப்பட்டமையால் அச்செயற்கைக்கோளுக்கு ஸ்வாஹிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் ஊஹுரு என்னும் பெயர் இடப்பட்டது.) ஜூன் மாத நடுநிசியில், மும்பையிலிருந்து தெற்கு நோக்குபவருக்கு, விருச்சிக ராசிக்குக் கீழே, அடிவானத்திலிருந்து சுமார் 24 டிகிரி உயரத்தில் இவ்விடம் அமையும். மேகம் விலகினாலும் அங்கு எதுவும் தென்படாது. இடையிலுள்ள தூசியும் வாயுவும் ஒளியை அடியோடு மறைத்துவிடுகின்றன. ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இப்பொருள் எக்ஸ் கதிரில் பொங்கியெழுந்து, சில மாதங்களில் அடங்குவது வழக்கம். அதன் நிறை இதுகாறும் நேரடியாக அளக்கப்பட்டதில்லை. அது காட்டும் நடத்தையைக் கொண்டே கருந்துளை என மதிக்கப்படுகிறது. கணக்குகளில் சூரியனைப் போல் பத்து மடங்கு என்று கொள்வது மரபு.

2016ஆம் ஆண்டுப் பொங்கலை ஆஸ்ட்ரோசாட்டும், அமெரிக்காவின் சந்திரா தொலைநோக்கியும் கண்டன. சந்திரா என்னும் பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பின்னர் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைவுகூர்வது. சந்திராவில் மில்லிமீட்டருக்கு 5,000 கோடுகள் கொண்ட நுண்ணிய பொன் கீற்றணி ஒன்று உண்டு. பள்ளியில் நிறமாலை காட்டப் பயன்படும் குறுந்தகட்டின் தடங்கள் மில்லிமீட்டருக்குச் சுமார் 625 மட்டுமே என்பதை எண்ணினால், கீற்றணியின் நுட்பம் விளங்கும். இரும்பின் இரு கோடுகளும் 6,705, 6,974 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல்களில், அதாவது தமக்குரிய இடத்திலிருந்து சிறிது பெயர்ந்து, கீற்றணியில் பதிந்தன. அதிலிருந்து பெறப்பட்ட வேகம் நொடிக்கு 366 கிலோமீட்டர். பிழை எல்லை இருபுறமும் 56. டாடா நிலையத்தாரும் பிற இந்திய, அயல்நாட்டு நிலையங்களின் விஞ்ஞானிகளும் சேர்ந்து இம்முடிவுகளை 2018இல் வெளியிட்டனர்.

மும்பைக் கருவிகள் இக்கோடுகளின் பெயர்ச்சியை அளக்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் காமிரா அந்த ஆற்றலில் சுமார் 150 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியையே பிரித்தறியும். எட்டு எலெக்ட்ரான் வோல்ட் பெயர்ச்சி அதன் சக்திக்கு அப்பாற்பட்டது. வாயு எண்ணிகளின் பிரித்தறியும் திறன் அதனினும் குறைவு. பின், அவற்றின் பணி யாது? கோடுகள் வரையப்பட்ட தாளை அளப்பதே அவற்றின் பணி. குறைந்த ஆற்றலிலிருந்து மிகுந்த ஆற்றல் வரை கருந்துளையின் ஒளி எவ்வளவு, எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை அவை ஒருசேர அளந்தன. ஒளியில் ஏறத்தாழ 97 சதவீதம் தட்டிலிருந்தே வருவது தெரிந்தது. அவ்வொளியின் வடிவிலிருந்து கருந்துளையின் தற்சுழற்சி, இயன்ற உச்ச அளவை ஒன்று எனக் கொண்டால், 0.92 எனக் கணிக்கப்பட்டது. இந்த அளவைகள் காற்றின் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை என்பது அடுத்து வரும் கணக்கினால் விளங்கும்.

உந்துவது எது?

செம்பூரில் ஒரு மொட்டைமாடியில் நின்று மாஹுல் பக்கம் நோக்குபவர் புகையைக் காண்கிறார். புகையைக் கண்ட மாத்திரத்தில் அது எந்தப் புகைபோக்கியினது என்று கூறிவிட இயலாது. அது எழும் இடம் தெரிய வேண்டும். கருந்துளைக் காற்றுக்கும் இது பொருந்தும். காற்று தட்டின் எப்பகுதியிலிருந்து எழுகிறது என்று அறிந்தால், அதனை உந்தியது எது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

உந்தக்கூடியவை மூன்று. முதலாவது வெப்பம். தட்டின் வெளிப்பகுதி மையத்தின் எக்ஸ் கதிர்களால் காய்ச்சப்படும்போது, வாயுத் துகள்கள் விடுபடு வேகத்தை அடைந்து ஆவி போல் வெளியேறும். சந்திரன் தன் வாயுமண்டலத்தை இழந்து நிற்பதும் விடுபடு வேகம் குறைவாயிருப்பதால்தான். ஆனால் கருந்துளையின் அருகில் விடுபடு வேகம் மிக அதிகம். ஆகவே வெப்பக் காற்று பல லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துதான் எழ முடியும். இரண்டாவது ஒளியின் அழுத்தம். எலெக்ட்ரான்களை இழந்துவிட்ட அணுக்களை ஒளியால் பற்றித் தள்ள இயலாமையால், மிகவும் பிரகாசமான நிலையிலன்றி இது இங்கு பயன்படாது. மூன்றாவது காந்த சக்தி. இது தட்டின் எப்பகுதியிலிருந்தும், மிக அருகிலிருந்தும் வாயுவை எறிய வல்லது. எனவே, வெப்பத்தால் எழ முடியாத அளவு அருகிலிருந்து காற்று எழுமாயின் காந்த சக்தியே காரணம் என்று வாதிக்கலாம்.

தூரத்தை அறியும் வழி ஒரு சிறு சமன்பாட்டில் அடங்கியுள்ளது. அணுக்கள் எலெக்ட்ரான்களை எவ்வளவு இழந்துள்ளன என்னும் அயனியாக்க அளவு, கருந்துளையின் ஒளிர்வை, வாயுவின் அடர்த்தியாலும் தூரத்தின் வர்க்கத்தாலும் வகுத்து வருவது. விளக்கின் அருகில் சென்றால் சூடு அதிகம் என்பது போலத்தான் இதுவும்; வாயு அடர்ந்திருந்தால் கழன்ற எலெக்ட்ரான்கள் விரைவில் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது மட்டுமே இதில் கூடுதல். அயனியாக்க அளவைக் கோடுகள் தரும். ஒளிர்வைப் பரந்த ஆற்றல் அளவை தரும். அடர்த்தி தெரிந்தால் தூரம் கிடைத்துவிடும். மூன்றில் எது தவறினாலும் தூரமும் தவறும்.

அடர்த்தியை அளப்பது கடினம். அதற்கு உதவுவது, ஐந்து எலெக்ட்ரான்கள் எஞ்சிய இரும்பு அயனி 11.77, 11.92 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் பதிக்கும் இரட்டைக் கோடுகள். முதற்கோடு தரைநிலையில் உள்ள அயனியினுடையது. இரண்டாவது, அதற்குச் சற்று மேலான படியில் நிற்கும் அயனியினுடையது. கூட்டம் மிகுந்த லோக்கல் வண்டியின் வாசலருகே நிற்பவர் தம் விருப்பமின்றியே அடுத்த படிக்குத் தள்ளப்படுவது போல, அடர்ந்த வாயுவில் மோதல்கள் மிகுந்து அயனிகள் மேற்படிக்கு ஏற்றப்படுகின்றன. ஆகவே இரண்டாம் கோட்டின் வலிமை முதற்கோட்டுடன் ஒப்பிடுகையில் எவ்வளவோ, அவ்வளவு நெருக்கம்.

இக்கணக்கு முதன்முதல் புகழ் பெற்றது ஜி.ஆர்.ஓ. ஜே1655-40 என்னும் கருந்துளையில். சூரியனைப் போல் ஆறேழு மடங்கு நிறையுள்ள அதனை 2005 ஏப்ரலில் சந்திரா நோக்கியபோது, ஏறத்தாழ 90 கறுப்புக் கோடுகள் கிடைத்தன. இரட்டைக் கோடுகள் கன சென்டிமீட்டருக்கு நூறு லட்சம் கோடி துகள்கள் என்ற அளவான அடர்த்தியைச் சுட்டின. (பூமியின் காற்று இதனினும் லட்சக்கணக்கான மடங்கு அடர்ந்தது, ஆயினும் விண்வெளிக்கு இது பெருநெருக்கம்.) சமன்பாட்டின்படி தூரம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவு என வந்தது. அது வெப்பக் காற்று எழ முடியாத இடம். எனவே காந்தக் காற்றே என்று ஜான் மில்லர் குழுவினர் 2006இல் நேச்சர் பத்திரிகையில் அறிவித்தனர்.

மறுப்பு அவ்வாண்டிலேயே எழுந்தது. அதே கோடுகளை வெப்பக் காற்றாலும் விளக்கலாம் என்று நெட்ஸர் வாதித்தார். பின்னர், 2016இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் மற்றொரு முனையைத் தொட்டன. அடர்ந்த வாயுத்திரை ஒன்று கருந்துளையை மறைத்திருக்கக்கூடும்; அப்படியாயின் கண்டறிந்த ஒளிர்வு உண்மை ஒளிர்வில் ஒரு பகுதியே என்பது அவற்றின் கருத்து. ஒளிர்வு கூடினால் சமன்பாட்டில் தூரமும் கூடும். தூரம் கூடினால் வெப்பமே போதும் என்றாகிவிடும். கோடுகள் எவ்வளவு துல்லியமாக இருந்தும், ஒளிர்வு ஒன்று ஐயத்துக்கு இடமானதால் தீர்ப்பு மாறுகிறது. தாளை அளக்கும் கருவிகளின் அவசியம் இதுவே.

4யூ 1630-47இன் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒளிர்வு நன்கு அளக்கப்பட்டது, அடர்த்திதான் கிட்டவில்லை. இரட்டைக் கோடுகளின் ஆற்றல் சுமார் 1,050 எலெக்ட்ரான் வோல்ட். இடையிலுள்ள வாயு அந்தக் குறைந்த ஆற்றல் கதிர்களைப் பூமிக்கு வராமல் விழுங்கிவிடுகிறது. ஆகவே 366 கிலோமீட்டர் என்னும் வேகம் உறுதியானதாயினும், அவ்வேகத்தைத் தந்தது யார் என்பதை அந்த ஆராய்ச்சி தீர்க்கவில்லை.

2024இல் கண்டது

2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் என்னும் செயற்கைக்கோளில் உள்ள கருவி, கதிர்களைக் கீற்றணியால் பிரிப்பதில்லை. ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் விழும்போது உண்டாகும் சிறு வெப்ப உயர்வை அது அளக்கிறது. இதற்காக அக்கருவி, வெப்பத்தின் இறுதித் தாழ்நிலைக்கு மேல் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்குமாறு குளிர்விக்கப்பட்டுள்ளது. 6,000 எலெக்ட்ரான் வோல்ட் அருகில் அதன் பிரித்தறியும் திறன் சுமார் ஐந்து எலெக்ட்ரான் வோல்ட். எட்டு எலெக்ட்ரான் வோல்ட் பெயர்ச்சி அதற்கு எளிய வேலை.

2024இல் 4யூ 1630-47 மீண்டும் பொங்கி அடங்குந் தறுவாயில் எக்ஸ்ரிஸம் அதனை நோக்கியது. ஒற்றைக் கோடாகக் கருதப்பட்டு வந்தவை பல கோடுகளாகப் பிரிந்து தெரிந்தன. கருந்துளையின் ஒளி பத்தில் ஒரு பங்கு மாறிய நேரத்துக்குள் சில கோடுகளின் ஆழம் ஏறக்குறைய பத்து மடங்கு மாறிற்று. அதனினும் வியப்பு, சில கோடுகள் ஒரு சமயம் மறுபக்கம், அதாவது குறைந்த ஆற்றலின் பக்கம் பெயர்ந்திருந்தன. எறியப்பட்ட வாயு தப்பிச் செல்லாமல் மீண்டும் தட்டை நோக்கி வீழ்வதை இது குறிக்கலாம். மேலே எறிந்த கல் திரும்புவது போல, தோல்வியுற்ற காற்று என்று இதனை விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். அதே நிறமாலையில், ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவான, மிக விரைந்த காற்றின் சாயலும் தென்பட்டது. அது இன்னும் உறுதிப்படவில்லை.

எக்ஸ்ரிஸமுக்கும் ஒரு குறை உண்டு. கருவியைக் காக்கும் மூடி ஏவப்பட்டபின் திறக்கவில்லை. அதனால் 1,700 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த கதிர்கள் கருவியை எட்டுவதில்லை. அடர்த்தியைக் கூறும் இரட்டைக் கோடுகள் அந்த எல்லைக்குக் கீழே உள்ளன. ஆகவே வேறு தடயங்களை நாட வேண்டியுள்ளது. அவற்றுள் ஒன்று கோட்டின் வடிவம். காந்தக் காற்று தட்டின் பல இடங்களிலிருந்தும் ஒருங்கே எழுவதாலும், உட்பகுதியிலிருந்து எழுவது வேகம் மிக்கதாலும், கோடு சமச்சீராக இராமல் மிகுந்த ஆற்றலின் பக்கம் நீண்ட வால் கொண்டிருக்கும் என்பது கணக்குகளின் எதிர்பார்ப்பு.

மற்றொரு தடயம் வேறொரு வகைக் கருந்துளையிலிருந்து கிடைத்தது. என்.ஜி.சி. 3783 என்னும் அண்டத்தின் மையத்தில் சூரியனைப் போல் சுமார் மூன்று கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை உள்ளது. 2024 ஜூலையில் எக்ஸ்ரிஸமும் பிற தொலைநோக்கிகளும் அதனைப் பத்து நாட்கள் இடைவிடாது கவனித்தன. எக்ஸ் கதிரில் திடீரென ஒரு வெடிப்பு தோன்றி அடங்கியதும், நொடிக்கு ஏறத்தாழ 57,000 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று புறப்பட்டது. இதன் விளக்கம் 2025இல் வெளியாயிற்று. சூரியனில் முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் சட்டென அறுந்து இணையும்போது வாயுப் பிழம்பு எறியப்படுவது வானியலார் நன்கறிந்த நிகழ்ச்சி. அதே முறையில் இங்கும் காந்த சக்தியே எறிந்தது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. வெடிப்புக்கும் காற்றுக்கும் இடையே கால வரிசை கிடைத்திருப்பதால், சமன்பாட்டை மட்டும் நம்பிய பழைய வாதத்தைவிட இது வலுவுள்ளதாகக் கருதத்தக்கது. ஆயினும் மூன்று கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையில் நிகழ்வது, பத்துச் சூரிய நிறையுள்ள கருந்துளையிலும் அவ்வாறே நிகழும் என்று கொள்வதற்கு இச்சான்று ஒன்றே போதாது.

4யூ 1630-47 வழக்கப்படி மறுபடியும் பொங்கும்போது, கோடுகளை ஒரு தொலைநோக்கியும் முழு ஒளியையும் மற்றொன்றும் ஒரே நாளில் அளப்பது விரும்பத்தக்கது. கோடுகள் சில மணி நேரத்தில் மாறுவது 2024இல் தெரிந்துவிட்டதால், வெவ்வேறு நாட்களில் எடுத்த அளவைகளை இணைப்பது இனிப் பொருந்தாது. ஆஸ்ட்ரோசாட் முன்னர் எடுத்த அளவைகள் 2018 முதல் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டுள்ளன. பெங்களூரை அடுத்த பியாலாலுவிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் வழியாகக் கல்லூரி மாணவரும் அவற்றைப் பெறலாம். 4யூ 1630-47ஐப் பற்றிய அளவைகளும் அவற்றுள் அடங்கும்.